சங்காய் மானைப் பார்க்க மறுபடியும் போகலாமா?

போன முறை பதினொரு மணிக்கு மணிப்பூரின் கெய்புல் லம்ஜாவ் தேசியப் பூங்காவுக்குப் போய் ஒரு சங்காயும் கண்ணில் படவில்லை, அதிகம் நடக்க முடியாத அம்மாவோடு மறுபடி போவது வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீணே இல்லை, தாராளமாகப் போங்கள். தவறு நேரத்தில்தான். வெயில் ஏறினால் மான்கள் உயரமான புல்லுக்குள் ஒதுங்கிவிடும். இம்பாலில் தங்காமல் முந்தைய இரவே பூங்காவுக்கு அருகிலுள்ள மொய்ராங் ஊர்ப் பக்கம் தங்குங்கள். மணிப்பூரில் பொழுது சீக்கிரம் விடியும். விடியும்போதே பூங்காவில் இருக்க வேண்டும். அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே யாரும் மான் பின்னால் நடப்பதில்லை. காட்சிக் கோபுரத்திலிருந்துதான் பார்க்கிறோம். படி ஏறுவது மட்டும்தான் சிரமம். நல்ல பைனாகுலர் கட்டாயம் வேண்டும்.

அங்கே தரையே மிதக்கிறது, அதைக் கவனியுங்கள். பூங்கா இருக்கும் லோக்டாக் ஏரியில் மட்கிய செடிகளும் வேர்களும் மண்ணும் சேர்ந்த ஃபும்டி அது. முன்பு மழையில்லாத வறண்ட பருவத்தில் நீர் வற்றும்போது அடியில் போய்ப் படிந்து, வேர்கள் சத்தை எடுத்துக்கொள்ளும். 1983இல் இத்தாய் தடுப்பணை வந்தபின் ஆண்டு முழுக்க நீர் உயர்ந்தே நிற்கிறது. ஃபும்டி மெலிகிறது, மானின் எடையைத் தாங்காமல் போகிறது. அணைக்கு முன்பே, 1975 கணக்கெடுப்பில் 14 மான்கள்தான் இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறும்.

அப்புறம், மணிப்பூருக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதி தேவை. 2023 முதல் அங்கே பதற்றம் இருப்பதால், கிளம்பும் முன் நிலவரத்தை விசாரித்துவிடுங்கள். குளிர்காலம் நல்லது, அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.