கொல்லையில் கோழியும் கீரைப் பாத்தியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று சென்ட் கொல்லையில் எட்டு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். ஆடியில் தூவிய கீரை விதையை மறுநாளே கிளறிவிட்டன. மிளகாய்ச் செடியில் பழுத்ததையெல்லாம் கொத்தித் தின்கின்றன. கோழியா, தோட்டமா, ஒன்றை முடிவு செய் என்கிறார் என் மாமியார். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டும் இருக்கும் என்றே மாமியாரிடம் சொல்லுங்கள். கோழி கிளறுவதை நம்மால் நிறுத்த முடியாது. அது எங்கே, எப்போது கிளறலாம் என்பதைத்தான் தீர்மானிக்க முடியும். கொத்திப் புரட்டி நீர் தெளித்த மண்ணைக் கண்டால், அது தனக்காகவே பதப்படுத்தப்பட்டது என்றுதான் எந்தக் கோழியும் எடுத்துக்கொள்ளும். ஆகவே கொல்லையை இரண்டாகப் பிரித்து நடுவே ஐந்தடி உயரத்துக்கு நைலான் வலை கட்டுங்கள். ஒரு பாதியில் செடி இருக்கும் காலத்தில் மறுபாதி கோழிக்கு. காய்ப்பு ஓய்ந்து செடிகளைப் பிடுங்கிய பின், அடுத்த விதைப்புக்கு முன்னர் பதினைந்து நாட்கள் அந்தப் பாதியைக் கோழிகளுக்குத் திறந்துவிட்டால், மண்ணுக்குள் இருக்கும் வெட்டுப்புழு, வண்டுப்புழு, கரையான் ஆகியவற்றோடு களை விதைகளையும் பொறுக்கித் தின்று, உங்களுக்கு ஒரு கொத்து வேலையையும் மிச்சப்படுத்தும். மண்புழுவையும் விட்டுவைக்காது; அந்த நட்டத்துக்கு உடன்பட்டே ஆக வேண்டும்.

சிறுவிடைக் கோழியாக இருந்தால் ஐந்தடியையும் தாண்டும். தாண்டும் கோழிக்கு மட்டும் ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளைக் கத்தரித்துவிட்டால், சமநிலை தவறுவதால் உயரே எழும்பாது. அடுத்த முறை இறகு உதிர்க்கும்போது புது இறகு வளர்ந்துவிடும். ஆனால் நாய் துரத்தினால் மரமேறித் தப்பவும் அதனால் முடியாது என்பதால், தெருநாய் நுழையும் கொல்லைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கீரை விதைத்த பாத்தியின்மேல் மூன்று வாரங்களுக்குக் கருவேல முள்ளைப் பரப்பி வையுங்கள். புடலை, பீர்க்கு, பாகல் ஆகியவை பந்தலில் ஏறிவிட்டால் கீழே கோழி நிழலுக்கு ஒதுங்குவதால் கேடு இல்லை. தூரைச் சுற்றி நான்கு உடைந்த ஓடுகளைப் பதித்தால் போதும். மிளகாய்க்கு மட்டும் வலையைத் தவிர வேறு வழி கிடையாது. நம் நாக்கை எரிக்கும் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை என்பதால், பழுத்த மிளகாய் கோழிக்கு வெறும் சிவப்புப் பழம்தான்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். மாலை ஐந்து மணிக்குக் கம்போ உடைத்த சோளமோ போட்டு, இரைப்பை புடைத்த பிறகு, இருட்டுவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது தோட்டத்துக்குள் விடுங்கள். வயிறு நிறைந்த கோழி ஆழமாகக் கிளறாமல், இலையடியில் இருக்கும் புழுவையும் வெட்டுக்கிளியையும் கொத்திவிட்டு, வெளிச்சம் மங்கியதும் யாரும் ஓட்டாமலேயே கூட்டுக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: கோழிக்கூட்டைக் கூட்டியள்ளி அப்படியே கத்தரிச் செடிகளுக்கு வைத்தேன். நான்கே நாட்களில் இலைகள் ஓரம் கருகிவிட்டன. கோழி எரு சத்தானது என்கிறார்களே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சத்து மிகுந்திருப்பதால்தான் கருகியது. கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது யூரிக் அமிலம். அது ஈரம் பட்டதும் அம்மோனியாவாக மாறி இளம் வேரைச் சுட்டுவிடும். நானும் முதல் வருடம் இதே தவற்றைச் செய்து இருபத்திரண்டு தக்காளி நாற்றுகளை இழந்தேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய அறியாமை.

ஒரு கூடை எச்சத்துக்கு மூன்று கூடை காய்ந்த சருகு, உமி அல்லது தேங்காய்நார்க் கழிவைக் கலந்து குவித்து, பிழிந்த துணியளவு ஈரம் காத்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். முதல் வாரத்தில் குவியலின் நடுவே கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும். அதுவே சரியான அறிகுறி. மூன்று மாதங்களில் மூக்கைத் துளைக்கும் நெடி போய் மழைக்கால மண் வாசனை வந்ததும் எடுத்துப் பயன்படுத்தலாம். மக்காத எச்சத்தைக் கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாகத் தின்பவற்றுக்கு ஒருபோதும் இடாதீர்கள். சால்மோனெல்லா கிருமி அதில் இருக்கக்கூடும். இப்போது கருகிய செடிகளைக் காப்பாற்ற, தூரில் இருக்கும் எருவை வழித்து அகற்றிவிட்டு, ஒருமுறை நன்றாக நீர் பாய்ச்சுங்கள். குருத்து பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா?
– வாசகர், ஆவடி

பதில்: இடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: போன பங்குனியில் ஐந்தே நாட்களில் பதினோரு கோழிகள் இறந்துவிட்டன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன; இரண்டு கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தும் பயனில்லை. இப்போது மறுபடியும் குஞ்சு வாங்கலாமா?
– வாசகி, சிவகங்கை

பதில்: உங்கள் இழப்பைப் படித்து வருந்தினேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோயையே காட்டுகின்றன. இன்றைய உத்தராகண்டில் உள்ள இராணிக்கேட்டில் 1927இல் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அப்பெயர் நிலைத்தது. வைரஸால் வரும் இந்நோய் தொற்றிய பின் குணமாக்க மருந்து கிடையாது. எனவே மஞ்சள் பலிக்கவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். வருமுன் தடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி என்பது வழக்கமான முறை. பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர்தோறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம். மருந்துக் குப்பி குறைந்தது நூறு கோழிகளுக்கு என்ற கணக்கில் வருவதாலும், கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்காது என்பதாலும், தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே காலையில் போடுவதுதான் கட்டுப்படியாகும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டால் பலன் இல்லை.

இறந்தவற்றை எருக்குழியில் போட்டிருந்தால் அந்த எருவை இந்த வருடம் தோட்டத்துக்கு எடுக்க வேண்டாம். இனி அப்படி நேர்ந்தால் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைத்துவிடுங்கள். பழைய பஞ்சாரத்தை எரித்துவிட்டு, கூட்டின் தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு மாதங்கள் வெயிலில் காயவிட்ட பின் குஞ்சு வாங்கலாம். சந்தையில் வாங்கும் கோழியை வந்த அன்றே மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு வாரங்கள் தனியே கட்டிப் போட்டுக் கவனியுங்கள். இந்நோய் பெரும்பாலும் சந்தைக் கூடையில்தான் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

கேள்வி: பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்ததில் நான்கு மட்டுமே பொரித்தன. கூடையில் இரும்பும் கரியும் போடாததால் இடிச் சத்தத்தில் கூமுட்டையாகிவிட்டன என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. உண்மையா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: அத்தையின் மனம் நிறைய இரும்பையும் கரியையும் போட்டுவிடுங்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நான் முதலில் கேட்பது, அந்த முட்டைகள் எத்தனை நாட்களாகச் சேர்ந்தவை என்பதுதான். வெயில் காலத்தில் ஐந்து நாட்களுக்கும், குளிர்ந்த காலத்தில் பத்து நாட்களுக்கும் மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். சேர்க்கும் நாட்களில் ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வையுங்கள். ஏழாம் நாள் இரவில் கைப்பேசி விளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்களைப்போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு இருக்கிறது. ஒன்றுமின்றித் தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். அடைக்கோழி நாளுக்கு ஒருமுறைதான் இறங்கும், அதுவும் கால் மணி நேரம்போல; தண்ணீரும் தானியமும் அருகிலேயே இல்லையென்றால் முட்டை ஆறிவிடும். 20ஆம் நாள் முட்டையைக் காதருகே வைத்துக் கேளுங்கள். ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி வரும். அதன்பின் கூடைக்குள் கையை விடாதீர்கள். மறுநாள் தாயே குஞ்சுகளோடு இறங்கிவிடும்.