அளவுன்னா யாரோட அளவு?

கேள்வி: சனிக்கிழமை ஆனா ஃப்ரெண்ட்ஸோட அளவோடதான் குடிக்கிறேன் சார். ஆனாலும் ஞாயித்துக்கிழமை மண்டை பொளக்குது. ஹேங்ஓவர் வராம குடிக்க ஏதாவது டெக்னிக் இருக்கா? (பெயர் வேணாம்னு கேட்டவர், திருப்பூர்)

பதில்: அளவோட! இந்த வார்த்தைய பாத்தாலே எனக்கு கை பரபரங்குது. நம்ம ஆபீஸ் பக்கத்துல ஒரு மெஸ், வாசல்ல ‘அளவு சாப்பாடு’ன்னு போர்டு. யாரோட அளவுய்யான்னு வருஷக்கணக்கா கேக்கறேன், சாம்பார் வாளி இன்னும் வாய தொறக்கல. மெஸ் புராணத்த நிறுத்துங்கன்னு போன மாசம் ஒரு வாசகர் கோவமா லெட்டர் போட்டிருந்தாரு, அவருக்கும் சேத்தே சொல்றேன், நிறுத்த மாட்டேன்.

உங்க அளவு என்னன்னு நீங்க எழுதவே இல்ல, கவனிச்சீங்களா? நம்மூர்ல குடிக்கறவன் அளவ முடிவு பண்றது பாட்டில்தான். குவாட்டர்னா 180 எம்எல், அத முன்னபின்ன தெரியாத ஆளோட பங்கு போட்டா கட்டிங், 90 எம்எல், ஜாதி மதம் பாக்காம பைசா சுத்தமா பாகப்பிரிவினை நடக்கற ஒரே எடம் அதுதான்னு நெனைக்கறேன். லேபிள்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். கணக்கு போட்டா ஒரு குவாட்டர்ல வெறும் ஆல்கஹால் மட்டும் 60 கிராம். கல்லீரல் தாலுகா ஆபீஸ் க்ளார்க் மாதிரி, க்யூ எவ்ளோ நீளமா நின்னாலும் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் பாஸ் பண்ணும். அப்போ ஒரு குவாட்டருக்கே எட்டு மணி நேரம். நீங்க பத்து மணிக்கு ஷட்டர் இறக்கிடுவான்னு ஒம்பதரைக்கு வாங்கி, ஒரு மாங்கா துண்ட நக்கிட்டு ரெண்டே கல்ப்புல முடிச்சா எப்படி? அதுவே ரெண்டு குவாட்டர்னா காலைல மட்டன் வாங்க பைக் எடுக்கறப்பவும் உள்ள பாதி பாக்கி. ரத்தத்துல 100 எம்எல்லுக்கு 30 மில்லிகிராம் தாண்டினா கேஸு. ‘நேத்து குடிச்சது சார்’னு சொன்னா விட மாட்டாங்க.

‘நான் பீர்தான் சார்’னு சொல்றவங்க ஒரு தனி ஜாதி. 650 எம்எல் ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம், ரெண்டு பாட்டில் அடிச்சா 80 கிராம் தாண்டும். குவாட்டர்காரனே உங்கள விட யோக்கியன்.

சரி, டெக்னிக் கேட்டீங்க. போறதுக்கு முன்னாடியே வயிறு நெறைய சாப்பிடுங்க, முடிச்சிட்டு வந்து பரோட்டா தின்னு பிரயோஜனம் இல்ல. ஒரு பெக்குக்கு ஒரு மணி நேரம், நடுவுல ஒரு டம்ளர் தண்ணி. படுக்கறப்ப பாராசிட்டமால் போட்டுக்கற புத்திசாலிங்க, அதுவும் கல்லீரல் தலைலதான் விழுதுன்னு தெரிஞ்சுக்கங்க. மோர், எலுமிச்சை, நீராகாரம் எல்லாம் தாகத்துக்கு நல்லதுதான், ஆனா ஹேங்ஓவருக்கு மருந்துன்னு நம்பற மாதிரி ஆதாரம் எதுக்குமே இல்லன்னு 2005லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அலசி எழுதிட்டாங்க. காலைல இன்னொரு கட்டிங் போட்டா சரியாயிடும்கறது கந்துவட்டிக்கு வட்டி கட்ட இன்னொரு கந்துவட்டி வாங்கற கத.

ஆங், ஹேங்ஓவர்னு எழுதினதுக்கு நம்ம தனித்தமிழ் அன்பர் இந்த வாரமும் கார்டு போடுவாரு. போன தடவ அவர் அனுப்பின சொல்ல உச்சரிச்சு பாத்தேன், குடிக்காமலே நாக்கு கொழறுது. நம்ம ஆளு ‘இன்னும் எறங்கலடா’ன்னு ரெண்டே வார்த்தைல சொல்லிடறான், அத விட்டுட்டு அகராதி எதுக்கு?

அந்த மெஸ்ஸுக்கு நேத்தும் போனேன். ரெண்டாவது தடவ ரசம் கேட்டேன். சப்ளையர் நிமிந்து கூட பாக்காம, ‘அளவு சார்’னுட்டு போயிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு லீவுதான், திருப்பூருக்கு பஸ் ஏத்தி விடட்டுமா?