வகுப்பறை கேள்வி-பதில்: தப்பு விடையிலும் ஒரு படி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னை ஆசிரியர்களுடையவை. கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் களைப்பு ஒன்றுதான். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டோம்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: நாலாம் வகுப்பு எடுக்கிறேன். 36 பிள்ளைகள். பாதிப் பேர் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ கற்றல் திட்டத்தின் கணக்கில் இன்னும் அரும்பு, அதாவது முதல் நிலைதான். தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுகிறது. பாசிட்டிவாக இருங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை.

மனசை அதட்டிச் சந்தோஷப்படுத்த முடியாது. எதை அளக்கிறோம் என்பதைத்தான் மாற்ற முடியும். அரும்பு, மொட்டு, மலர் மூன்றும் பெரிய படிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதை மட்டுமே வெற்றி என்று வைத்தால் பெரும்பாலான நாட்களில் கையில் எதுவும் மிஞ்சாது. நடுவில் இருக்கும் சின்னப் படிகளை நீங்கள்தான் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும்.

கழித்தலையே பார்ப்போம். 402-லிருந்து 178 போனால் எவ்வளவு? ஜூலையில் ஒரு பிள்ளை 376 என்று எழுதுகிறாள். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், எல்லா இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். செப்டம்பரில் அதே பிள்ளை 274 என்று எழுதுகிறாள். சரியான விடை 224. ஆகவே இரண்டு முறையும் சிவப்பு மையில் ஒரே தப்புக் குறிதான் விழும்.

ஆனால் இரண்டாவது நோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 4-ஐ அடித்து மேலே 3 போட்டிருக்கிறாள். 2-க்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு 1. கடன் வாங்கக் கற்றுவிட்டாள்! நடுவில் பூஜ்யம் நின்றதால் பத்தாம் இடத்தைத் தாண்டி நேராக நூறாம் இடத்தில் வாங்கிவிட்டாள். பத்தாம் இடத்தில் மட்டும் பழையபடி திருப்பிப் போட்டு 7 எழுதியிருக்கிறாள். அவளுக்குக் கழித்தலை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை. விளையாட்டு ரூபாய்த் தாளில் நாலு நூறும் இரண்டு ஒரு ரூபாயும் கொடுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றட்டும். அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கட்டும். மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒற்றை. பூஜ்யத்தின் இடத்தில் 9 எப்படி வந்தது என்பது அவள் கையிலேயே இருக்கும். இந்த 376-க்கும் 274-க்கும் இடையில் நடந்தது உங்கள் வேலை. அதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனால் மனசு சோராமல் என்ன செய்யும்?

வாசிப்புக்கும் இதே வழி. ஒரே பத்தி, ஒரு நிமிடம், சரியாக வாசித்த சொற்கள் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். நாளைக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் பத்து நிமிடம் போதும். எட்டு வேலை நாளில் 36 பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். வரிசை எண்படி கூப்பிடுங்கள். இஷ்டப்படி கூப்பிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையும் வாலும்தான் கண்ணில் படுவார்கள். நடு பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவள் மாதக்கணக்கில் தப்பிவிடுவாள். அடுத்த சுற்றிலும் அதே பத்திதான். பத்தியை மாற்றினால் எண் ஏறியது பிள்ளையாலா, பத்தி சுலபம் என்பதாலா என்று தெரியாது. மனப்பாடமாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசி மணி அடித்ததும், வேறு வேலையில் கை வைக்குமுன், மூன்று வரி எழுதுங்கள்: யார், என்ன செய்தார், ஏன் முடிந்தது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் இரவில் நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவற்றின் காரணத்தையும் ஒரு வாரம் எழுதியவர்களின் மனநிலை, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மேம்பட்டிருந்தது. இதில் காரணம் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். “இன்று வகுப்பு நன்றாகப் போனது” என்று பொத்தாம்பொதுவாக எழுதும் நோட்டு ஒரு வாரத்தில் அலுத்துப்போகும்.

காசிமேடு பக்கத்துப் பள்ளி ஆசிரியர்: திங்கட்கிழமை வகுப்பில் பாதி காலி. ஞாயிறு மீன் மார்க்கெட்டில் பெற்றோருக்கு ஒத்தாசை செய்துவிட்டு அசந்துவிடுகிறார்கள். இதில் எதைக் கொண்டாடுவது?

‘நூறு சதவீத வருகைக்குப் பரிசு’ என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். வீட்டு நிலைமையால் வர முடியாத பிள்ளைக்கு அது ஆண்டு முழுக்கத் தண்டனை. ஜூலையிலேயே ஒரு நாள் வராமல் போனால் அப்புறம் வந்து என்ன பிரயோசனம் என்று விட்டுவிடுவான். அவனுடைய போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். நாலு திங்களில் ஒன்று வந்தவன் இரண்டு வந்தால் அது வெற்றி. அதை அவனிடமே சொல்லுங்கள்.

புதுப் பாடத்தைத் திங்கள் முதல் பீரியடில் தொடங்காதீர்கள். வெள்ளிப் பாடத்தின் மீள்பார்வைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் வருகிறவன் பின்தங்கிவிட்டோம் என்ற பயமில்லாமல் உட்காருவான். “நேத்து ஏன் வரல?” என்ற கேள்வியும் முதல் பேச்சாக வேண்டாம்.

இன்னொன்று. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள், ஜூன் 14 வரை. கடலுக்குப் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பது அப்போதுதான். கோடை விடுமுறைக்கு முன் கிடைக்கும் அந்தச் சில நாளில் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளையின் ஜூன் மாத நோட்டையும் ஏப்ரல் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டுங்கள். குறை சொல்லத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்து வருகிற அப்பாவிடம் இது நிறையப் பேசும்.

பெரம்பூர் ஆசிரியை: ஸ்டார் ஸ்டிக்கர் கொடுத்துப் பழக்கிவிட்டேன். இப்போது “ஸ்டார் உண்டா மிஸ்?” என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலையே எடுக்கிறார்கள்.

திடீரென நிறுத்த வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டும்போதே காரணத்தையும் சொல்லத் தொடங்குங்கள். பிறகு ஸ்டிக்கரைக் குறைத்துக் காரணத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். “சூப்பர்டா”வில் பிள்ளைக்குத் தகவல் எதுவும் இல்லை. “வெள்ளம்னு எழுதறப்போ ‘ள’வுக்குப் பதிலா ‘ல’ இன்னிக்குப் போடல, பாத்தியா” என்றால் நாளைக்கும் அதையே செய்வாள்.

“நீ புத்திசாலி” என்பதில் கவனம் தேவை. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றபின் சுலபமானவற்றிலும் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். முயற்சியைப் பாராட்டிக் கேட்டவர்கள் முன்னேறினார்கள்.

ஏழு, எட்டாம் வகுப்புக்குப் போனால் பெஞ்ச் பக்கம் குனிந்து மெதுவாகச் சொல்லுங்கள். அந்த வயதில் எல்லார் முன்னாலும் பாராட்டுவது கேலிக்கு வழி.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தலைமை ஆசிரியர்: ஸ்டாஃப் மீட்டிங் முழுக்கப் புலம்பல்தான். எப்படி மாற்றுவது?

மீட்டிங்கின் முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு நோட்டைக் கொண்டுவந்து காட்டட்டும். பேச்சு வேண்டாம், நோட்டு மட்டும். அடுத்த மீட்டிங்கில் வேறு இரண்டு பேர். ‘சிறந்த ஆசிரியர்’ பட்டியலெல்லாம் போடாதீர்கள். அதில் புலம்பல் இரட்டிப்பாகும்.

அதைவிட முக்கியம் நீங்கள் தடுக்கக்கூடியது. வேலையிட மனநிலையை ஆராயும் தெரெசா அமபிலேயின் குழு 238 ஊழியர்களின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்தபோது, வேலையில் ஒரு சின்ன முன்னேற்றம் நாளை நல்ல நாளாக்கியது தெரிந்தது. ஒரு தடங்கல் அதைவிட அதிகமாக மனசைக் கெடுத்ததும் தெரிந்தது. பாடம் சூடுபிடிக்கும் நேரத்தில் “அந்த லிஸ்ட் உடனே வேணுமாம்” என்று ஆள் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு பீரியடுக்கு எந்த வகுப்புக்கும் ஆள் போகக்கூடாது என்று வைத்துப் பாருங்கள்.

திருவொற்றியூர் ஆசிரியை: கூரை ஒழுகுகிறது, கழிவறையில் தண்ணீர் இல்லை. கேட்டால் “நெகட்டிவாகப் பேசாதீங்க” என்கிறார்கள்.

ஒழுகும் கூரையை ஒழுகுகிறது என்று சொல்வதில் எந்த நெகட்டிவும் இல்லை. உங்கள் வாயை அடைக்க அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்த விடாதீர்கள். இடம், தேதி, பாதிக்கப்படும் பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றையும் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்கள் கேட்டால் பதில் சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்டிலேயே செய்துவிடுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை என்றும், பள்ளி வாசலைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மூன்று வரி நோட்டு போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நேரில் போக ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். இந்த வாரமே போங்கள்.