பரிசு எவ்வளவு என்று கேட்ட டீ மாஸ்டர்

கேள்வி: ஆறு வருஷமாக பி.ஆர்.எம். ஓட்டுகிறேன். 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நெடுந்தூர சைக்கிள் சவாரி. ஆரம்பத்தில் எங்கள் ஊரில் ஒன்பது பேர்தான். இப்போது வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர். அடுத்த சீசனுக்கு ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி ஸ்பான்சராக வருகிறது. மேடை, டிஜே, கொடியசைக்க ஒரு நடிகர், முதலில் வரும் மூன்று பேருக்குப் பணப்பரிசு. இதை முன்னின்று நடத்துவது என் நெருங்கிய நண்பர். "கிரிக்கெட்டைத் தவிர எதையும் கண்டுகொள்ளாத ஊர் இது. நம்ம விளையாட்டும் நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் பொறாமை என்கிறார்கள். இந்த மாதிரிச் சின்ன விளையாட்டு பெரிதாவது நல்லதா, இல்லையா? இன்னொன்று, என் மனைவியும் ஒரு 200 ஓட்ட வேண்டும் என்கிறாள். கூட்டம் சேர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.
பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: நான் வாழ்க்கையில் ஒரே ஒரு 300 ஓட்டியிருக்கிறேன். 20 மணி நேரக் கெடு. பத்தொன்பதே முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தேன் என்பதிலிருந்தே என் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம். அன்றைக்கு நள்ளிரவு தாண்டி, திண்டிவனம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றபோது, கடைக்காரர் என் ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பந்தயமா? பரிசு எவ்வளவு?" என்றார். பரிசு இல்லை, யார் முதல் என்ற கணக்கும் இல்லை, மெடல் வேண்டுமானால்கூட நாமே காசு கட்டித்தான் வாங்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, டீக்குக் காசு வேண்டாம்" என்றார்.

உங்கள் நண்பர் அந்த டீ மாஸ்டரின் முதல் கேள்வியோடு நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்காக நீங்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் ஆகாது.

முதலில் விளம்பர விஷயம். ஸ்பான்சர் என்றாலே தீட்டு என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விளையாட்டுக்கே தாய்வீடு என்று சொல்லத்தக்க பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1891-ல் 'லெ பெத்தி ஜூர்னால்' என்ற பத்திரிகை தன் பெயர் பரவ நடத்திய பந்தயம் அது. போகவர 1,200 கிலோமீட்டர். ஜெயித்த ஷார்ல் தெரோன் சுமார் 72 மணி நேரம் ஓட்டினார். அவர் வண்டியில் இருந்தது மிஷெலின் கம்பெனியின் புது மாதிரி டயர். கம்பெனிக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன கிடைக்கும்? அந்தப் பந்தயத்தின் பெயரில் சக்கர வடிவத்தில் ஒரு பலகாரம்கூட இன்றும் பிரெஞ்சு பேக்கரிகளில் விற்கிறார்கள். ஆக, பேனர் கட்டியதால் மட்டும் ஒரு விளையாட்டு கெட்டுப்போய்விடாது.

அந்தப் பந்தயத்தின் பிற்பாட்டுக் கதையைத்தான் உங்கள் நண்பருக்குச் சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்று தொழில்முறை வீரர்கள் அதை ஓட்டினார்கள். 1931-லிருந்து, பரிசுக்கு ஆசைப்படாத சாதாரண ஆட்களுக்கும் தனியாக ஒரு சவாரி அதோடு சேர்ந்து நடந்தது. 1951-ல் மோரிஸ் தியோ என்பவர் 38 மணி 55 நிமிஷத்தில் முடித்து ஜெயித்தார். கடைசிக் கட்டத்தில் கூடவே வந்த போட்டியாளர் பஞ்சராகி நின்றபோது, அவர் டயரைச் சரிசெய்யும்வரை தியோ காத்திருந்துவிட்டு, அப்புறம் மைதானத்தில் வைத்து முந்தினாராம். எனக்கு மிகவும் பிடித்த ஜெயிப்பு அது. அதுதான் அந்தப் பந்தயத்தின் கடைசி ஓட்டமும்கூட. அதற்குப் பிறகு நடத்த முயன்றபோது தொழில்முறை வீரர்கள் போதிய அளவில் சேரவில்லை. இவ்வளவு நீளப் பந்தயத்துக்கு உடம்பைக் கொடுத்தால் அந்த சீசனே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. பரிசுப் பந்தயம் செத்தது. பரிசில்லாத சவாரி பிழைத்தது. இன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, பாரிஸுக்குத் தென்மேற்கே ராம்புயே ஊரிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்புகிறார்கள். வழியெங்கும் கிராமத்துக்காரர்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, ராத்திரி முழுக்க விழித்திருந்து காபி கொடுக்கிறார்கள். இதைவிடப் பெரிதாக நாலு பேருக்குத் தெரிய முடியுமா? ஒரு ரூபாய் பரிசு இல்லாமலே தெரிந்திருக்கிறது.

உங்கள் சங்கத்துச் சண்டையும் புதிதில்லை, நூறு வருஷப் பழசு. டூர் தெ பிரான்ஸை ஆரம்பித்தாரே ஹென்றி தெக்ராஞ்ச், அவர்தான் 1904-ல் பிரான்ஸில் ஒடாக்ஸ் சவாரிகளைக் கொண்டுவந்தவர். கேப்டன் சொல்லும் வேகத்தில் எல்லோரும் கூட்டமாக ஓட்ட வேண்டும் என்பது அவர் முறை. 1921-ல் பாரிஸ் ஒடாக்ஸ் கிளப்புக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. கிளப் தன் வழியில் பிரிந்து, அவரவர் வேகத்தில் ஓட்டலாம், கெடுவுக்குள் முடித்தால் போதும் என்று புது வகையை ஆரம்பித்தது. நீங்கள் திருச்சியில் ஓட்டுவது அந்தப் பிரிவினையில் பிறந்த வகைதான். அந்த வகையின் விதிகள் இன்றும் அந்த பிரெஞ்சு கிளப்பின் கையில்தான் இருக்கின்றன. பழைய வகையும் இன்றுவரை நடக்கிறது. இரண்டில் ஒன்றும் அழியவில்லை. நண்பரோடு ஒத்துப்போகாவிட்டால் உலகம் முடிந்துவிடும் என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பணப்பரிசு. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் "மனசுக்குப் பிடிக்கவில்லை" என்று கூட்டத்தில் பேசாதீர்கள், அங்கே எடுபடாது. விதியைக் காட்டுங்கள். பி.ஆர்.எம்.மில் தரவரிசை கிடையாது. மெதுவாகப் போவதற்கு மட்டுமல்ல, வேகமாகப் போவதற்கும் எல்லை உண்டு. 200-ஐ 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதேபோல, 5 மணி 53 நிமிஷத்துக்கு முன்னால் வந்து நின்றாலும் கடைசி கண்ட்ரோல், அதாவது நீங்கள் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும் இடம், திறந்திருக்காது, காத்திருக்க வேண்டியதுதான். இப்படி ஒரு விதியை எழுதி வைத்தவர்கள் பணப்பரிசைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நண்பரே யோசிக்கட்டும். அவருக்குப் பந்தயம்தான் வேண்டும் என்றால் தாராளமாக நடத்தட்டும். போலீஸ் அனுமதி வாங்கி, ரோட்டை அடைத்து, ஆம்புலன்ஸ் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 40 கிலோமீட்டர். நானே வந்து கைதட்டுகிறேன். லாரியும் பஸ்ஸும் ஓடுகிற தேசிய நெடுஞ்சாலையில், ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கம் கண்ணைச் சொக்கும்போது "முதல் மூன்று பேர்" என்று ஆசை காட்டினால் யாராவது ஒருவர் ஆம்புலன்ஸில்தான் வருவார். அதை ஸ்பான்சரின் பேனரோடு பேப்பரில் போடுவார்கள். இந்த வாக்கியத்தை அந்தக் கம்பெனிக்காரர் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்.

எண்ணிக்கை பெருகுவதில் எனக்கு ஒரே ஒரு கவலைதான். ஆள் சேரும் வேகத்தில் கைப்பழக்கம் சேர்வதில்லை. 2019-ல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து முந்நூறு பேருக்கு மேல் போனார்கள். சில வருஷங்களுக்கு முன்பு நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாத எண்ணிக்கை, பெருமைதான். அவர்களில் பெரும்பாலானவர்களால் 90 மணி நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. எதிர்காற்று, ஓயாத மேடு பள்ளம், ஆகஸ்டிலும் பல்லைக் கிட்டவைக்கும் பிரெஞ்சு ராத்திரி. நம் சமதளத்தில், நம் வெக்கையில் 600 முடித்த காலுக்கு அது வேறு உலகம். அவர்களைக் குறை சொல்லவில்லை. போய் நின்றதே பெரிய காரியம். ஒரே சீசனில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்து எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனர்) ஆகிவிட்டேன் என்று ஃபோட்டோ போடுவதற்கும், குளிரில் எங்கே எவ்வளவு நேரம் கண்ணயர வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கும் நடுவில் சில வருஷங்கள் இருக்கின்றன. அந்த வருஷங்களை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து மண்ரோட்டில் 2006-ல் 34 பேரோடு ஒரு 200 மைல் சவாரி ஆரம்பித்தார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், தொழில்முறை வீரர்களும் வருகிறார்கள், ஹேண்டில்பாரில் எந்தக் கம்பி வைக்கலாம், வைக்கக் கூடாது என்று விதி போடும் அளவுக்குப் போட்டி முற்றிவிட்டது. ஆனால் கடைசியில் வருகிறவரும் அதே புழுதியைத்தான் தின்கிறார், அதே சிரிப்போடு வந்து சேர்கிறார். பெரிதாவதில் இழப்பும் உண்டு, எல்லாமே போய்விடுவதும் இல்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது பேராக இருந்தபோது நீங்கள் அபூர்வமான ஆள். ஆபீஸில் "சார் ஒரே மூச்சில் 600 ஓட்டுவார்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது பக்கத்து சீட்டுக்காரரும் ஓட்டுகிறார். உங்கள் எரிச்சலில் ஒரு கால்பங்காவது இதுதான். பொறாமை என்று நண்பர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்தக் கால்பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனால் மீதி முக்கால் பங்கு தெளிவாகப் பேசும்.

ஸ்பான்சர் பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், திசை திருப்புங்கள். டிஜேக்குக் கொடுக்கிற காசில் ஐம்பது பேருக்கு முன்விளக்கும் பின்விளக்கும் வாங்கலாம். கண்ட்ரோலில் இருக்கும் டீக்கடைக்காரருக்கு ராத்திரி முழுக்கக் கடை திறந்துவைக்க ஒரு தொகை கொடுக்கலாம். இப்போதெல்லாம் பாதி இடத்தில், அந்த வழியாக வந்ததற்கு ஏ.டி.எம். சீட்டுதான் சாட்சி. ஒரு மனுஷன் கார்டில் சீல் வைத்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்கு அது ஈடாகுமா? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள் வீட்டுக்கு வீடு நிற்கிறது. கால் பலத்தில் ஓடுகிற எந்த வண்டியையும் பி.ஆர்.எம். தடுப்பதில்லை. அதில் ஓட்டிப் பழகியவன் ஒருத்தன் பதினெட்டு வயதில் வந்து நின்றால் அவனுக்கு ஹெல்மெட்டும் நுழைவுக் கட்டணமும் கம்பெனி தரட்டும். லட்ச ரூபாய் வண்டி இருந்தால்தான் சேரலாம் என்ற எண்ணம்தான் இந்த விளையாட்டைச் சின்னதாகவே வைத்திருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

கடைசியாக உங்கள் மனைவி. முந்நூறு பேரில் முந்நூற்று ஒன்றாவது ஆளைக் கூட்டம் என்று நிறுத்துகிறீர்கள். அவருக்கு உங்கள் பழைய வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். ஃபிரேம் அளவு பொருந்தாமல் முட்டியும் கழுத்தும் வலித்து இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார். அவர் உயரத்துக்கு அளந்து வாங்குங்கள், சீட்டை அவரே உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். முதல் மாதம் 40, இரண்டாம் மாதம் 70, மூன்றாம் மாதம் ஒரே ஒரு நாள் 120. பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் அவரே கற்றுக்கொள்ளட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 200 ஓட்டும் அன்று அவர் வேகத்தில் நீங்கள் போகலாம், அல்லது வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.