முதல் கிறிஸ்தவர்கள் சிலுவையை ஏன் வரையவில்லை? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆதித் திருச்சபையில் சிலுவை அடையாளமே இல்லை என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: படமாகப் பார்த்தால் பெரும்பாலும் உண்மைதான். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் மீன், நங்கூரம், ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் ஆகியவைதான் கண்ணில் படும். சிலுவை அன்று அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் என்ற அடிமையின் தலைமையில் நடந்த கலகம் அடங்கியபின், கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் ஆறாயிரம் பேரை அறைந்து தொங்கவிட்டார்கள். சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் கண்ணிலும் காதிலும் படக்கூடாது என்று கி.மு. 63இல் ரோமப் பேச்சாளர் சிசரோ வாதாடினார். இப்படிப்பட்ட உலகத்தில்தான் பவுல் அதைப் பிரசங்கித்தார். யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று அவர் எழுதியது அலங்காரப் பேச்சு அல்ல. தெருவில் கேட்ட ஏளனம்.

கேள்வி: அப்படியானால் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய படம் எது?

பதில்: மிகப் பழையவற்றுள் ஒன்று, பக்தன் வரைந்தது அல்ல, பகைவன் கிறுக்கியது. ரோமின் பாலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுத்த சுவர்க் கிறுக்கல் அது. சிலுவையில் கழுதைத் தலையுடன் ஒரு மனிதன். கீழே கையுயர்த்தி நிற்கும் ஒருவன். "அலெக்சமெனோஸ் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 200 என்பார்கள். அந்த அலெக்சமெனோஸ் யாரென்று யாருக்கும் தெரியாது. கேலி செய்தவன் கையாலேயே அவனுடைய விசுவாசம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

அதே காலத்தில் விசுவாசிகள் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் நுழையும்போதும், வெளியே போகும்போதும், விளக்கேற்றும்போதும் இட்டதாக அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். சுவரில் ஏறுவதற்கு வெகு முன்பே சிலுவை விரல் நுனியில் இருந்தது.

கேள்வி: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் சிலுவையைக் கொண்டுவந்தாரா?

பதில்: கொண்டுவரவில்லை, பகிரங்கமாக்கினார். 312இல் மில்வியன் பாலப் போரை ஒட்டி அவர் படைகளோடு இணைத்துப் பேசப்படும் சின்னம் பெரும்பாலும் கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் பின்னிய வடிவம். பிற்பாடு அவர் சிலுவைத் தண்டனையை நிறுத்தினார். என் பார்வையில் இதுதான் பெரிய திருப்பம். சிலுவையில் மனிதன் துடிப்பதைப் பார்த்திராத தலைமுறை பிறந்த பிறகே அதைக் கலையாக வடிக்கக் கை துணிந்தது. ரோமின் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் அறையப்பட்ட இயேசுவைச் செதுக்கியது ஏறக்குறைய 430இல்தான்.

கேள்வி: எகிப்திய மதத்திலிருந்து எடுத்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: சகோதரி, இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் வடிவம் எல்லா நாட்டிலும் உண்டு. எகிப்தின் கிறிஸ்தவர்கள் தங்கள் நாட்டு 'அங்க்' (உயிரைக் குறிக்கும், மேலே வளையமுள்ள பழைய சின்னம்) வடிவத்தைச் சிலுவையாக ஏற்றுக்கொண்டதும் உண்மை. ஆனால் அது பிறகு நடந்தது. சிலுவையின் பொருள் எருசலேமில் நடந்த ஒரு ரோமத் தண்டனையிலிருந்து வந்தது.

கேள்வி: 'சிலுவை' தமிழ்ச் சொல்லா?

பதில்: கீழைக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியான சிரியாக்கின் 'ஸ்லீவா' தமிழ் நாவில் சிலுவையானது. 'குருசு' போர்த்துகீசியர் தந்தது. ஆகவே ஐரோப்பியர் வருமுன்பே இந்தக் கரைக்குச் சிலுவை வந்துவிட்டது. சென்னை பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சென்று பாருங்கள். சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து, மேலே இறங்கிவரும் புறா. பாடுபட்ட சுரூபம் அதில் இல்லை. அனுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கற்சிலுவையும் அப்படித்தான்: உடல் இல்லை, அடியிலிருந்து இலைகள் கிளம்பி மேலே வளைகின்றன.