மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்க: முதல் செலவு எதற்கு?

கேள்வி: என்னிடம் மேஜை மேல் வைத்து ஓட்டும் சிறிய மில்லிங் மெஷின் இருக்கிறது. மாடல் இன்ஜின் பாகங்கள், அலுமினிய பிராக்கெட்டுகள் என்று பொழுதுபோக்காகச் செய்கிறேன். இதைக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக்கு மாற்ற ஆசை. மூன்று மோட்டார், அவற்றுக்கு மின்சாரம் தந்து ஓட்டும் மூன்று டிரைவர், கன்ட்ரோலர் போர்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்த்து ஒரே கிட்டாகக் கிடைக்கிறது. பழைய ஸ்க்ரூவிலேயே மோட்டாரை மாட்டிவிடலாம், ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தாலும் சாஃப்ட்வேர் சரிசெய்துவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். கிட் மோசமானது என்று சொல்லவில்லை. உங்கள் மெஷினுக்கு என்ன தேவை என்பதை இன்னும் அளக்கவே இல்லையே, அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒரு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் வாங்குங்கள். கேஜின் முனை டேபிளின் ஓரத்தைத் தொடும்படி வையுங்கள். ஹேண்டிலை ஒரே பக்கமாகச் சுற்றி, முள் நகர்ந்ததும் நிறுத்தி, ஹேண்டிலில் உள்ள அளவு வளையத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். கேஜ் முள் அசைய ஆரம்பிப்பதற்குள் வளையம் எவ்வளவு நகர்ந்ததோ, அதுதான் ஆட்டம், அதாவது பேக்லாஷ். சிறிய மெஷின்களில் 0.1 மி.மீ., 0.2 மி.மீ. இருப்பது சகஜம்.

அடுத்து, கேஜை ஸ்க்ரூவின் நுனியில் வைத்துவிட்டு டேபிளைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூவே நகர்ந்தால் குறை நட்டில் மட்டும் இல்லை, ஸ்க்ரூவைத் தாங்கும் பேரிங்கிலும் இருக்கிறது. கடைசியாக டேபிளின் மூலையைப் பக்கவாட்டில் அழுத்துங்கள். அங்கே முள் ஆடினால் கிப், அதாவது டேபிள் சறுக்கும் பாதையின் இடைவெளியை இறுக்கும் பட்டை, தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கப் பைசா செலவில்லை. கிப் தளர்ந்த மெஷினில் எவ்வளவு விலை உயர்ந்த மோட்டாரை மாட்டினாலும் வெட்டு சுத்தமாக வராது.

சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருகிறேன். டேபிள் திசை மாறும்போது ஆட்டத்தின் அளவுக்குக் கூடுதலாக ஸ்க்ரூவைச் சுற்றிவிடும் வசதி சில சாஃப்ட்வேர்களில் உண்மையிலேயே உண்டு. துளை போடுவதற்கு அது ஓரளவு உதவும். ஆனால் வெட்டும்போது கட்டரே டேபிளை இழுக்கிறது. கட்டர் சுழலும் திசையிலேயே பொருள் நகரும் கிளைம்ப் மில்லிங்கில், ஆட்டம் இருக்கும் அளவுக்கு டேபிள் திடீரென்று முன்னால் பாயும். கையால் ஓட்டும்போது நீங்கள் எதிர்த்திசையில் வெட்டியோ, டேபிள் லாக்கை லேசாக இறுக்கியோ சமாளித்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு அந்தக் கைப்பதம் கிடையாது. ஒரு வட்டத்தை வெட்டச் சொல்லுங்கள்: திசை மாறும் நான்கு இடங்களிலும் சின்னப் படி விழுந்திருப்பது விரல் நகத்தில் தட்டுப்படும்.

இன்னொன்றும் உண்டு. மலிவான கிட்டுகளில் பெரும்பாலும் வருவது ஆர்டுயினோ வகை போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற இலவச கன்ட்ரோலர் சாஃப்ட்வேர். மூல ஜிஆர்பிஎல்லில் பேக்லாஷ் சரிசெய்யும் வசதியே கிடையாது. ஆகவே கிட்டில் என்ன கன்ட்ரோலர் என்று கேளுங்கள். ஜிஆர்பிஎல் என்று பதில் வந்தால், விற்பவர் கொடுத்த வாக்குறுதிக்கு அடிப்படையே இல்லை.

என் கருத்து, பணத்தில் பெரிய பங்கு பால் ஸ்க்ரூவுக்கும் (நட்டுக்குள் சின்னக் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) பேரிங்குக்கும் போக வேண்டும். எலக்ட்ரானிக்ஸைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்க்ரூவை மாற்ற மெஷினையே மறுபடி பிரிக்க வேண்டும். பரவலாகக் கிடைப்பது 1605, அதாவது 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. அதன் நட்டின் உடல் மட்டும் 28 மி.மீ. விட்டம். சின்ன மெஷினில் டேபிளுக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்காது, 1204தான் நுழையும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே டேபிளைக் கழற்றி அளந்துவிடுங்கள். ஸ்க்ரூவின் முனைகளை உங்கள் அளவுக்குக் கடைந்து தந்துவிட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விளம்பரத்தில் சி7 தரம் என்று போட்டிருப்பார்கள். 300 மி.மீ. நீளத்தில் 0.05 மி.மீ. வரை பிசகலாம் என்பது அதன் அர்த்தம். அது புரியின் துல்லியம் மட்டுமே. நட்டில் ஆட்டம் எவ்வளவு என்று அது சொல்லாது. அதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஸ்க்ரூவின் முனையைத் தாங்கும் பிளாக்கில், நீளவாக்கில் வரும் தள்ளலையும் தாங்கும் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஜோடியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். சாதாரண பேரிங் போட்டிருந்தால், நட்டில் ஒழித்த ஆட்டம் பேரிங் வழியாகத் திரும்ப வந்துவிடும்.

கேள்வி: நெமா 23 மோட்டாரிலேயே 2 நியூட்டன் மீட்டர், 3 நியூட்டன் மீட்டர் என்று பல வகை இருக்கின்றன. பெரியதாக வாங்கிவிடுவது பாதுகாப்புதானே?

பதில்: எப்போதும் இல்லை. நெமா 23 என்பது மோட்டாரின் முகத்தின் அளவு, சுமார் 57 மி.மீ. சதுரம். சக்திக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. போட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் கணக்கும் மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போது தாங்கும் முறுக்கு விசை. வேகம் கூடக் கூட அது இறங்கும். சுருளின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதைத் தடுக்கும் தன்மை) அதிகமான மோட்டாரில் இன்னும் சீக்கிரம் இறங்கும். அதனால் டேட்டாஷீட்டில் இண்டக்டன்ஸைப் பாருங்கள். மில்லிஹென்றியில் உள்ள எண்ணின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால், அந்த மோட்டாருக்குக் கொடுக்கலாம் என்ற உச்ச மின்னழுத்தம் கிடைக்கும். 2.25 மில்லிஹென்றி என்றால் 48 வோல்ட். டிஎம்542 டிரைவர் தாங்குவது 50 வோல்ட் வரைதான். மோட்டார் வேகம் குறையும்போது மின்சாரம் திரும்பி வருவதால் அதில் 36 வோல்ட் சப்ளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தேவை எவ்வளவு என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பல் கொண்ட 6 மி.மீ. கட்டர், நிமிடத்துக்கு 2500 சுற்று, ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. என்று வைத்தால், டேபிள் நிமிடத்துக்கு 150 மி.மீ. நகர வேண்டும். 5 மி.மீ. ஸ்க்ரூவில் அது வெறும் 30 சுற்று. நிமிடத்துக்கு 5 மீட்டர் ஓடும் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உங்கள் மெஷினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஸ்பிண்டில்.

கேள்வி: மாற்றிய பிறகு கையாலும் ஓட்ட முடியுமா?

பதில்: பின்பக்கமும் தண்டு நீட்டியிருக்கும் மோட்டார் வாங்கினால் ஹேண்டிலை அதில் மாட்டலாம். ஆனால் பழைய அனுபவம் கிடைக்காது. சாதாரண ஸ்க்ரூ, விட்ட இடத்தில் நிற்கும். பால் ஸ்க்ரூவை டேபிளைத் தள்ளியே சுற்றிவிடலாம். இதில் உண்மையான ஆபத்து மேலும் கீழும் நகரும் இசட் அச்சில் இருக்கிறது: மின்சாரம் போன நொடியில் ஸ்பிண்டில் தலை தன் கனத்தாலேயே கீழே இறங்கி, கட்டர் பொருளில் குத்தும். இசட் அச்சுக்குப் பிரேக் உள்ள மோட்டார் அல்லது தலையைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங், இரண்டில் ஒன்றைப் பட்ஜெட்டில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கிட்டோடு மெஷினை ஓட்டும் மாக் 3 சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறார்கள். லாபம்தானே?

பதில்: உரிமம் உங்கள் பெயரில் வருமா என்று கேளுங்கள். உரிமம் இல்லாத சோதனைப் பதிப்பு என்றால் 500 வரி ஜீ-கோடுக்கு (மெஷினுக்கு எழுதும் கட்டளைகள்) மேல் ஓடாது. பேரலல் போர்ட் வழியாக ஓட்டுவதற்கு 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய கம்ப்யூட்டரும் வேண்டும். மூன்று அச்சுக்கு ஜிஆர்பிஎல் போதும். வசதி நிறைய வேண்டும், கற்கப் பொறுமையும் இருக்கிறது என்றால் லினக்ஸ்சிஎன்சி. இரண்டுமே இலவசம், முறைப்படி இலவசம்.

கேள்வி: எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் தனியாக வாங்க வேண்டுமா? போர்டிலேயே அதற்கு ஒரு பின் (இணைப்பு முனை) இருக்கிறதே?

பதில்: அந்தப் பின் சாஃப்ட்வேருக்குத் தகவல் மட்டும் சொல்லும். சாஃப்ட்வேர் உறைந்துபோன நேரத்தில்தான் உங்கள் கை பட்டனைத் தேடும். அழுத்தினால் உள்ளேயே நிற்கும் பட்டன் ஒன்றும், ஸ்பிண்டிலுக்கும் டிரைவர் சப்ளைக்கும் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டர் ஒன்றும் வாங்குங்கள். பட்டனைத் திரும்ப விடுவித்தவுடன் ஸ்பிண்டில் தானாகச் சுற்ற ஆரம்பிக்கக் கூடாது. தனியாக ஸ்டார்ட் அழுத்தினால்தான் ஓடும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். டிரைவருக்கும் மோட்டாருக்கும் இடையில் மட்டும் எந்த ஸ்விட்ச்சும் போடாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது அந்த இணைப்பு விட்டுப்போனால் டிரைவர் எரிந்துவிடும், அதற்கு வாரண்டியும் கேட்க முடியாது.