ஃபுல் ஆப்ஷன் டீசல் எஸ்யூவியை விற்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

கோயம்புத்தூரில் பதினேழு வருடங்களாகப் பழைய சொகுசு கார்களை வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன். டீசல் எஸ்யூவி விற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: அண்ணா, 2019-இல் வாங்கிய பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 டீசல், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பனோரமா சன்ரூஃப், 360 டிகிரி கேமரா, நல்ல சவுண்ட் சிஸ்டம் எல்லாம் இருக்கிறது. அதற்கெல்லாம் சேர்த்து எவ்வளவு கூட்டிக் கேட்கலாம்?

கூட்டிக் கேட்க முடியாது தம்பி. கேட்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆப்ஷனுக்குப் போட்ட காசுதான் முதலில் கரையும். வாங்க வருகிறவர் பார்ப்பது வருடம், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு. ஒரே விலையில் இரண்டு எக்ஸ்5 நின்றால் ஃபுல் ஆப்ஷன் வண்டி முதலில் போகும். கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.

ஆனால் வேலை செய்யாத ஆப்ஷன் விலையை இறக்கிவிடும், அதுவும் ரிப்பேர் செலவைவிட அதிகமாக. ஏர் சஸ்பென்ஷன் (காற்றடைத்த பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள வண்டி ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்க்கும்போது ஒரு மூலை தாழ்ந்து நின்றால், வாங்குகிறவர் நான்கு மூலைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார். சன்ரூஃப் ஓரத்தில் நீர்க்கறை தெரிந்தால் "உள்ளே ஒயரிங் என்ன ஆகியிருக்குமோ" என்ற பயம் வந்துவிடும். அதனால் விளம்பரம் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். பழுதைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லாம் வேலை செய்வதை ஐந்து நிமிட வீடியோவாக எடுத்து வைத்தால், பத்துப் பேருக்குப் பதில் நிஜமாக வாங்கப்போகும் இரண்டு பேர் மட்டும் வருவார்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரித்தது. வாங்குகிறவர் அதைப் படிக்கத் தெரிந்தவராகவே இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: போன வருடம் சொன்ன விலையை இப்போது யாரும் சொல்வதில்லையே, ஏன் சார்?

முக்கியக் காரணம், புது வண்டி விலை இறங்கியது. 2025 செப்டம்பர் 22-க்கு முன் பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 22 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீத வரி. அதன் பிறகு 40 சதவீதம்தான். நீங்கள் அன்று கொடுத்த விலையை வாங்குகிறவர் பார்க்கமாட்டார். இன்றைக்குப் புதுசு என்ன விலை என்று பார்த்து, அங்கிருந்து கழித்துக்கொண்டு வருவார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: ஆடி க்யூ7 டீசல் வைத்திருக்கிறேன். டீசலுக்கு இனி மதிப்பே இல்லை என்கிறார் புரோக்கர்.

அப்படிச் சொல்லி விலையை அடிப்பது பழைய பழக்கம். இந்தியாவில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் வந்தபோது ஆடி டீசலை நிறுத்திவிட்டது, வால்வோவும் பின்னால் நிறுத்தியது. ஆனால் மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் இன்றும் டீசலைத் தேடித்தான் வருகிறார்கள். உங்கள் வண்டிக்கு ஆள் அவர்கள்தான்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அங்கிருந்து என்.ஓ.சி. (வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற ஆர்.டி.ஓ. சான்று) வாங்கிய வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு மலிவாக வந்தன. நம் ஊரில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் டெல்லி வண்டியோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருக்கிறது. உங்களுடையது தொடக்கம் முதல் தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு சகோதரி: 2021 மாடல். வேளச்சேரியிலிருந்து ஆபீசுக்கு ஆறு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. "ஸ்கேனர் வைத்து அணைத்துவிடலாம், விற்றபிறகு நமக்கென்ன" என்கிறார் மெக்கானிக்.

தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள் சகோதரி. டி.பி.எஃப். என்பது டீசல் புகையில் உள்ள கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அது சூடேறினால்தான் சேர்ந்த கரி எரிந்து சாம்பலாகும். ஆறு கிலோமீட்டர் நகர ஓட்டத்தில் அந்தச் சூடு வராது, அதனால் அடைத்துக்கொள்கிறது. வண்டியில் கோளாறே இல்லாமல் கூட இப்படி ஆகலாம். ஒரு விடியற்காலை ஜி.எஸ்.டி. ரோட்டில் (திருச்சி நெடுஞ்சாலை) திண்டிவனம் வரை ஒரே சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள், பல வண்டிகளில் விளக்கு தானாக அணைந்துவிடும். அணையவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன் (கருவி வைத்துக் கரியை எரிப்பது) செய்யச் சொல்லுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

விளக்கை மட்டும் அணைத்தால் அடுத்த வாரம் வாங்கியவருக்கு எரியும். அவர் ஒரு குடும்பத்தோடு நடுவழியில் நிற்பார். இந்தத் தொழிலில் நான் மிகவும் வெறுப்பது இதைத்தான். அப்புறம், உங்கள் வண்டிக்கு ஆட்ப்ளூ (டீசல் புகையின் நச்சைக் குறைக்கும் திரவம்) டேங்க் இருந்தால் நிரப்பிக் கொடுங்கள். பெரிய செலவில்லை.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: வாங்குகிறவர் "பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பேரை நான் மாற்றிக்கொள்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

தேதி போடாத வெற்றுப் படிவமாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். இதில்தான் நல்ல மனிதர்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அவர் பெயர் மாற்றாமலேயே இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாவது ஆளுக்கு விற்பார். எங்கோ விபத்து நடந்தால் நோட்டீஸ் ஆர்.சி.யில் பெயர் உள்ள உங்களுக்கு வரும். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே. விற்றுவிட்டேன் என்று வாயால் சொல்வது அங்கே எடுபடாது.

மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. வெளிமாநிலம் என்றால் 45 நாள். ஆகவே நீங்களே கூடப் போங்கள், அல்லது உங்களுக்குத் தெரிந்த ஏஜென்டிடம் கொடுத்து, அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகனில் பெயர் மாறும்வரை விடாமல் பாருங்கள். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணி, கிலோமீட்டர் இரண்டையும் எழுதி, வாங்கியவர் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள்.

டீலரிடம் விடுவதானால், 2023 ஏப்ரல் முதல் அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் படிவம் 29சி மூலம் வண்டி ஒப்படைத்ததைப் பதிவு செய்யலாம். அதன் பிறகு பொறுப்பு டீலருடையது. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கடலூரிலிருந்து ஒருவர்: வண்டி புதுச்சேரி பதிவு. தமிழ்நாட்டுக்காரருக்கு விற்கலாமா?

விற்கலாம். ஆனால் நீங்கள் என்.ஓ.சி. வாங்கிக் கொடுக்கவேண்டும், அவர் வண்டியின் வயதுக்கு ஏற்ப இங்கே ஆயுள்வரி கட்டவேண்டும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வரி 20 சதவீதம் என்பதால் அந்தத் தொகை சின்னதாக இருக்காது. அதை உங்கள் விலையில்தான் கழிப்பார். முதலில் புதுச்சேரியிலேயே ஆள் தேடுங்கள்.

கரூரிலிருந்து ஒருவர்: பாதிப் பணம் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கிய தொகைக்குச் சமமாகவே வரும். ஆர்.டி.ஜி.எஸ். போடச் சொல்லுங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது, பயப்பட வேண்டாம். கம்பெனி பெயரில் வாங்கித் தேய்மானம் காட்டியிருந்தால் கணக்கு வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு தம்பி: லோன் முடித்துவிட்டேன் அண்ணா. வேறென்ன பாக்கி?

பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் ஹெச்.பி. (லோன் இருக்கிறது என்ற பதிவு) கேன்சல் பண்ணிவிடு. ஃபாஸ்டேக்கை மூடு, சலான் பாக்கி இருந்தால் கட்டு. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கு இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உன்னுடையது, வண்டியோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொள், மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படும். கடைசியாக, வண்டியின் ஸ்கிரீனில் உன் போன் நம்பர்கள், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய், மொபைல் ஆப்பிலிருந்தும் வண்டியை நீக்கு.

நாமக்கல்லிலிருந்து ஒரு மகள்: அப்பா மூன்று வாரத்துக்கு முன் தவறிவிட்டார். அவருடைய பென்ஸ் ஜி.எல்.எஸ். வீட்டில் நிற்கிறது. அம்மாவால் பார்க்க முடியவில்லை. உடனே விற்க முடியுமா?

வருத்தமாக இருக்கிறது அம்மா. நேராக வெளியாளுக்கு விற்க முடியாது. முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றவேண்டும், அதற்குப் படிவம் 31. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுக்கவேண்டும், உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தயார் செய்யுங்கள். மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். "சாவு வீட்டு வண்டி" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதே பேசாதீர்கள், இரண்டு மாதம் பொறுத்தால் நியாயமான விலை கிடைக்கும். பேட்டரி இறங்காமல் வாரம் ஒருமுறை யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

ரீசெட் பற்றி மேலே தம்பிக்குச் சொன்னேன். நீங்கள் அதை அவசரப்பட்டுச் செய்யவேண்டாம். டிரைவர் பக்கக் கதவில் சீட் மெமரி பட்டன் இருக்கும், அதில் ஒன்றாம் நம்பர் பெரும்பாலும் அப்பாவின் உட்காரும் அளவாகத்தான் இருக்கும். அம்மா ஒருமுறை பார்க்க விரும்பினால் பார்த்துக்கொள்ளட்டும், அதன் பிறகு அழியுங்கள்.